புது பேட்டரி போட்டாச்சு, ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை: எங்கே பார்ப்பது?

புது பேட்டரி மாட்டிய மறுநாள் காலை, குடியிருப்பு கேட் பக்கம் வந்து ஹார்னை அழுத்தினேன். எங்கோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அதோடு சரி. மறுபடி அழுத்தினேன். மறுபடி 'டிக்'. வாட்ச்மேன் தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, கையைத் தட்டித்தான் அன்றைக்கு வெளியே போனேன். முந்தின நாள் வரை தெருமுனை வரைக்கும் கேட்ட ஹார்ன் அது. பேட்டரியைத் தவிர வண்டியில் யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியமே செய்திருப்பேன்.

பேட்டரி மாற்றியதால் ஹார்ன் கெட்டுப்போகாது. உள்ளே இருப்பது ஒரு மின்காந்தம், ஒரு இரும்புத் தகடு, ஒரு காண்டாக்ட், அவ்வளவுதான். கடிகாரம் மாதிரியோ ரேடியோ மாதிரியோ மறுபடி செட் செய்ய அதில் ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றிய கை பக்கத்தில் எதையோ கழற்றியிருக்கும், இழுத்திருக்கும், அல்லது மாட்ட மறந்திருக்கும். அதனால் தேடலைப் பேட்டரியைச் சுற்றி ஒரு முழத்துக்குள் தொடங்குங்கள். ஸ்டீயரிங்கைப் பிரிக்கும் யோசனை கடைசியில் வரட்டும்.

கரண்ட் போகும் வழி தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். பேட்டரி பிளஸிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஹார்ன், அங்கிருந்து வண்டியின் இரும்பு பாடி வழியாகத் திரும்ப மைனஸ். ஸ்டீயரிங்கில் நாம் அழுத்தும் சுவிட்ச் இந்தப் பெரிய கரண்டைத் தொடுவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அது ரிலேக்குள் இருக்கும் சின்னக் காயிலுக்கு எர்த், அதாவது மைனஸுக்குத் திரும்பும் வழி, மட்டும் கொடுக்கிறது. காயில் இழுத்ததும் காண்டாக்ட் சேர்ந்து ஹார்னுக்குக் கரண்ட் பாய்கிறது. நாம் கேட்கும் 'டிக்' அந்தக் காண்டாக்ட் சேரும் சத்தம். ஒரு ஹார்ன் 4, 5 ஆம்பியர் இழுக்கும். ஜோடியாக இருந்தால் 10 வரை. அவ்வளவையும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் கருகிவிடும், அதற்காகத்தான் நடுவில் ரிலே. பழைய சின்ன வண்டிகள் சிலவற்றில் ரிலே இல்லாமலும் இருக்கும்.

ஆகவே முதல் வேலை: பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு யாரையாவது ஹார்னை அழுத்தச் சொல்லி, 'டிக்' கேட்கிறதா என்று பாருங்கள். காது சரியாகப் பிடிக்காவிட்டால் ரிலே மேல் விரலை வையுங்கள், துடிப்பது தெரியும். சாவி போடாமலே ஹார்ன் அடிக்கும் வண்டிகள்தான் அதிகம். உங்களுடையது அப்படி இல்லை என்றால் சாவியை ஆன் வரை திருப்பிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம்.

கையில் ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தால் போதும். பழைய இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்தாலும் அதுவே டெஸ்ட் லாம்ப்தான். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே தங்கம் சிக்கினால் நொடியில் பழுக்கும், விரலோடு சேர்த்து.

வெளியில் வாங்கிப் போட்ட ஹார்ன்: 'டிக்' உண்டு, சத்தம் இல்லை

என் கதை இதுதான். நம்மூரில் ரொம்பப் பேர் கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் இதிலேயே கொஞ்சம் நிற்கிறேன்.

வண்டியோடு வந்த ஒற்றை ஹார்ன் தகர டப்பா மாதிரி கத்துகிறது என்று கோயம்புத்தூர் ரூட்ஸ் வின்டோன் போல ஒரு ஜோடியை வாங்கி மாட்டுவோம். கூடவே ஒரு ரிலேயும் வயரிங் கிட்டும் போடுவார்கள். அந்தக் கிட்டின் வேலை எளிமையானது. பழைய ஹார்னுக்குப் போன வயர் இப்போது புது ரிலேயைத் தூண்ட மட்டும் பயன்படும். ஹார்ன் தின்னும் கரண்ட் முழுவதும் ஒரு தனி சிவப்பு வயரில், நடுவில் ஒரு ஃபியூஸோடு, நேராகப் பேட்டரி பிளஸிலிருந்து வரும். அதன் நுனியில் ஒரு வளைய லக், பிளஸ் கிளாம்ப் நட்டுக்கு அடியில் முடுக்கியிருக்கும்.

பேட்டரி மாற்ற வரும் பையனுக்கு இது தெரியாது. கிளாம்ப்பைத் தளர்த்தும்போது அந்த லக் நழுவி விழும். புது பேட்டரியை உட்கார வைத்து, பெரிய கிளாம்ப் இரண்டையும் மாட்டி, வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்து, பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஸ்டார்ட் ஆனதும் நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஹார்னை யார் அழுத்திப் பார்க்கிறார்கள்?

எனக்கு இதைக் கண்டுபிடித்துத் தந்தது தெருக்கோடி எலக்ட்ரீஷியன். நான் ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரிலே எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் வராததுமாகப் பேட்டரிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டு, ஒரு சிவப்பு வயரை மீன் பிடிப்பது போல மேலே இழுத்தார். நுனியில் லக். இன்சுலேஷன் டேப் வெயிலில் உருகிப் பிசுபிசு என்று ஒட்டியது.

"தம்பி, இது யாரு வயரு?"

"தெரியலண்ணே."

"ஹார்ன் மேல ஒரு தப்பும் இல்ல. சோறு போடாம வேல வாங்கினா எப்படிக் கத்தும்?"

ஒரு 10 நம்பர் ஸ்பானர், இரண்டு நிமிடம். காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

'டிக்' கேட்டும் சத்தம் வராததற்குக் காரணமும் இதில் இருக்கிறது. ரிலே காயிலுக்கு வண்டியின் சொந்த வயரிலிருந்து கரண்ட் வருகிறது, அதனால் அது ஒழுங்காக இழுக்கிறது. இழுத்து என்ன பயன், காண்டாக்டின் மறுபக்கம் காலி.

இப்படி ஓர் அநாதை வயர் கிடைத்தால் உடனே பிளஸில் மாட்டிவிடாதீர்கள். வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஃபியூஸ் ஹோல்டர் வழியாக ரிலேயில் 30 என்று எழுதிய பின்னுக்குப் போனால் அது ஹார்ன் சப்ளை. ஃபாக் லாம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்கூட இப்படி வயர் இழுத்திருப்பார்கள். கறுப்பு வயர் ஏதாவது தொங்கினால் அது பெரும்பாலும் ரிலேக்கோ ஹார்னுக்கோ உரிய எர்த். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், ரோட்டோரம் வயரிங் செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம்.

மாட்டும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். லக்கை கிளாம்ப் போல்ட்டின் நட்டுக்கு அடியில் வையுங்கள். கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் திணித்தால் கிளாம்ப் இறுகாது. இரண்டு வாரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்று வேறு கதை ஆரம்பிக்கும். வயர் சரியாகவே மாட்டியிருந்தால் ஃபியூஸ் ஹோல்டரைப் பாருங்கள். திருகித் திறக்கும் கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர் என்றால் பேட்டரியைத் தூக்கும்போது இழுபட்டு உள்ளே ஸ்பிரிங் விலகியிருக்கும்.

கம்பெனி ஹார்ன்: சத்தமும் இல்லை, 'டிக்'கும் இல்லை

ஹசார்டு சுவிட்சைத் தட்டுங்கள், பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஹார்னும் ஹசார்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும், சிலவற்றில் ஹார்னும் பிரேக் லைட்டும். கூட்டாளியும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம். இதில் பிரேக் லைட் போயிருப்பது ஹார்னைவிட ஆபத்து, அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எது எங்கே என்று படம் போட்டிருக்கும். ஹார்ன் ஃபியூஸ் வழக்கமாக 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம் அல்லது 20 மஞ்சள். கண்ணால் பார்த்து நல்லதாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், முடி போல விரிசல் விட்டிருந்தாலும் தெரியாது. பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் சின்னதாக உலோகம் தெரியும். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை. அப்போது மெயின் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். ஈயத்தாள் சுற்றுவது, 15-க்குப் பதில் 30 போடுவது எல்லாம் வயரைக் கொளுத்தும் வேலை. மாற்றியதும் திரும்பப் போனால், எப்போது போகிறது என்று கவனியுங்கள். செருகிய நொடியே போனால் ரிலேக்கு முன்னால் எங்கோ ஷார்ட். ஹார்னை அழுத்தும்போது மட்டும் போனால் ரிலேக்கு அப்புறம், அதாவது ஹார்னுக்குப் போகும் வயரிலோ ஹார்னிலோ. பேட்டரி மாற்றிய வண்டியில் நான் சந்தேகப்படும் இடம் பேட்டரியை அமுக்கிப் பிடிக்கும் பட்டை. புது பேட்டரி ஓரிரு சென்டிமீட்டர் உயரம் கூடினாலும் அந்தப் பட்டை எதையாவது நசுக்கும். தட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட வயரும் உண்டு.

ஃபியூஸ் நல்லது என்றால் ரிலே. பக்கத்தில் அதே எண், அதே வடிவத்தில் இன்னொரு ரிலே இருக்கும், ஏ.சி.க்கோ விளக்குக்கோ. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஹார்ன் அடித்தால் ரிலேதான். பல வண்டிகளில் இந்தப் பெட்டி பேட்டரியை ஒட்டியே இருப்பதால், பேட்டரியைத் தூக்கும்போது முழங்கை பட்டு ரிலே பாதி எழும்பி நிற்பதும் நடக்கும். ஒருமுறை எல்லா ரிலேயையும் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். இந்த ஓர் அழுத்தத்திலேயே சரியான வண்டிகள் இருக்கின்றன.

இதெல்லாம் சரியாக இருந்தும் 'டிக்' வரவில்லை என்றால் ஸ்டீயரிங் பக்கம்தான் கோளாறு.

கம்பெனி ஹார்ன்: 'டிக்' உண்டு, சத்தம் இல்லை

ரிலேயைப் பிடுங்குங்கள். அடியில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். எண் இல்லாவிட்டால் ரிலேயின் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஃபியூஸ் பெட்டியில் 30, 87 பின்கள் உட்காரும் இரண்டு குழிகளையும், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு வயரால் ஒரு நொடி இணையுங்கள். ஹார்ன் காதருகே அலறும், தயாராக இருங்கள். அலறினால் ஹார்னும் வயரும் நல்லவை, ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கிறது, 'டிக்' என்று பொய் சொல்கிறது. அலறாவிட்டால் 30 குழியில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா பாருங்கள். அங்கே கரண்ட் இருந்தால் கோளாறு ஹார்ன் பக்கம்.

ஹார்ன் எங்கே இருக்கிறது என்பதற்கு விதி கிடையாது. கிரில்லுக்குப் பின்னால், பம்பருக்குள், சில வண்டிகளில் பேட்டரி தட்டுக்கு நேர் கீழே. அப்படிக் கீழே இருந்தால் கனெக்டர் கழன்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கனெக்டரில் டெஸ்ட் லாம்பை வைத்து ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். எரிந்தால் ஹார்ன் அல்லது அதன் எர்த். ஒற்றை வயர் ஹார்னுக்கு எர்த் அதன் இரும்புப் பட்டை வழியாகத்தான். அந்த போல்ட் துருப்பிடித்தால் ஹார்ன் ஊமை. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு வயரை ஹார்ன் உடம்பில் தொட்டு வைத்து அழுத்திப் பாருங்கள். அடித்தால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்ட வேண்டியதுதான்.

அதற்கும் அசையாத ஹார்னை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். காண்டாக்ட் ஒட்டிக்கிடந்தால் உயிர் வரும். வந்தாலும் அது நாள் கணக்குதான். பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. புது ஹார்ன் வாங்க முடிவு செய்த பிறகு அதைச் செய்யுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் முனகல்

எஞ்சின் ஓடும்போது கணீர், நிறுத்தினால் முனகல் என்றால் புது பேட்டரியில் சார்ஜ் இல்லை. கடை அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்த பேட்டரியாக இருக்கும். வண்டியை ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். கடைக்காரரிடம் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள், புதிது என்ற கூச்சம் வேண்டாம்.

எஞ்சின் ஓடினாலும் முனகல்தான் என்றால் நான் மைனஸ் பக்கம் போவேன். மைனஸ் கிளாம்பிலிருந்து பெரும்பாலும் இரண்டு வயர் கிளம்பும். தடித்தது எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். மெலிந்தது பக்கத்துத் தகட்டில் ஒரு போல்ட்டில் முடியும், அதுதான் பாடி எர்த். பேட்டரி தட்டைக் கழற்ற வேண்டி வந்திருந்தால் அந்த போல்ட்டையும் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்கவும் மாட்டார்கள். இதில் ஏமாற்றும் விஷயம், வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுத்தாலும் அதற்குத் தடித்த வயர் இருக்கிறது. ஹார்னும் ஹெட்லைட்டும்தான் திரும்பிப் போக வழி தெரியாமல் சுற்று வழியில் தள்ளாடும். ஹார்னை அழுத்தும்போது ஹெட்லைட்டும் மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மீட்டரில் இதை உறுதி செய்யலாம். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறுமுனையை ஹார்னின் எர்த்திலும் வைத்து, ஹார்னை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

கிளாம்ப் ஆடுவதும் இங்கேதான் வரும். ஜப்பானிய வகை பேட்டரியில் மெல்லிய முனை, தடித்த முனை என்று இரண்டு உண்டு. தடித்ததில் பிளஸ் 19.5 மில்லிமீட்டர், மெல்லியதில் 14.7. தடித்த முனைக்கான கிளாம்ப்பை மெல்லிய முனையில் மாட்டி, இடைவெளிக்குச் செம்பு வயரைச் சுற்றிவைக்கும் கைவேலையை நானே பார்த்திருக்கிறேன். கையால் திருகினால் கிளாம்ப் சுழல்கிறதா? சுழன்றால் சரியான அளவில் பேட்டரியோ கிளாம்ப்போ மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் முனகினால் ஹார்னுக்குள் தண்ணீர். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

ஹார்னோடு வேறு பலதும் செத்துவிட்டது

பெரும்பாலும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு நொடி தொட்டிருந்தாலும் போதும், ஆல்டர்னேட்டரின் டையோடுகள் வழியாகக் கரண்ட் தலைகீழாகப் பாய்ந்து மெயின் ஃபியூஸைச் சுட்டுவிடும். ஒரே பேட்டரி எல், ஆர் என்று இரண்டு விதமாக வருவது இதற்காகத்தான், முனைகள் இடம் மாறியிருக்கும். தவறானதைக் கொண்டுவந்து, வயரை வலிந்து இழுத்து மாட்டும்போது குழப்பம் வரும். எழுத்து அழிந்திருந்தாலும் ஒரு அடையாளம் உண்டு: பிளஸ் முனை எப்போதும் மைனஸைவிடப் பருமன்.

ஸ்பானர் பிளஸையும் பாடியையும் தொட்டுப் பொறி பறந்ததால்தான் ஹார்ன் ஃபியூஸ் போனது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் பாடிக்குப் போகிறது, ஹார்ன் ஃபியூஸ் அந்த வழியிலேயே இல்லை. பொறி பறந்தால் ஸ்பானரில் பள்ளம் விழும், ஹார்ன் ஃபியூஸ் போகாது.

மெயின் ஃபியூஸ் பல வண்டிகளில் போல்ட் போட்டு முடுக்கியது, 60 ஆம்பியருக்கு மேல். அதை மாற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருந்தால் ஆல்டர்னேட்டர் தப்பித்தது. 12 சொச்சத்திலேயே நின்றால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். மாற்றி மாட்டியது யார் என்று தெரிந்தால் பில்லோடு அந்தக் கடைக்கும் போங்கள்.

ஸ்டீயரிங்கை ஒடித்தால் அடிக்கிறது, நேராக வைத்தால் இல்லை

இது தற்செயல். ஸ்டீயரிங்குக்குள் சுருள் நாடா ஒன்று இருக்கும், கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அது அறுந்துகொண்டிருக்கிறது. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களும் வேலை செய்யாவிட்டால், அதேதான். நாட்கணக்காக அறுந்துவந்தது பேட்டரி மாற்றிய வாரத்தில் தெரியவந்திருக்கிறது.

இதில் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம், அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் உண்டு. ஹார்ன் பட்டைக்கு அடியில் இருப்பது வெடிக்கும் பொருள். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் டெஸ்ட் லாம்பை வைத்தால் முகத்தில் வெடிக்கலாம். தெரிந்தவர்கள் மைனஸைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் திருகைத் தொடுவார்கள். ஏர்பேக் இல்லாத பழைய வண்டி என்றால் பயமில்லை. ஹார்ன் பட்டையைத் தூக்கி, செம்பு வளையத்தையும் அதில் உரசும் முள்ளையும் துடைத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

மைனஸை மாட்டியதும் ஓயாமல் அலறுகிறது

ரிமோட்டில் அன்லாக் அழுத்துங்கள், அடங்காவிட்டால் சாவியைப் போட்டு ஆன் செய்யுங்கள். திருட்டு அலாரம் உள்ள வண்டிகள் சில, கரண்ட் திரும்பியதும் பூட்டிய நிலையிலேயே கண்விழிக்கும். கதவு திறந்திருப்பதைப் பார்த்துக் கூச்சல் போடும். விட்டு விட்டு அடித்தால் அலாரம். ஒரே மூச்சாக அடித்தால் ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது சுவிட்ச் அமுங்கியபடி இருக்கிறது. ரிலேயைப் பிடுங்குங்கள், சத்தம் நிற்கும். நின்றதும் அதே ரிலேயைக் குலுக்கி மறுபடி செருகுங்கள். இரண்டாவது முறை அலறாமல் இருந்தாலும் அந்த ரிலேயைத் திரும்ப நம்ப வேண்டாம், புது 12 வோல்ட் ரிலே ஒன்று வாங்கிப் போடுங்கள். வேறு ரிலே போட்டும் அலறினால் சுவிட்ச் பக்கம்தான், ரிலேயை வெளியே வைத்துவிட்டு மெதுவாக எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பதற்குள் ரிலே எது என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் மைனஸை மாட்டுவதற்கு முன்பே மூடியில் இருக்கும் படத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.